திருகா, பொத்தானா, கைப்பிடியா: மாதிரி ரயிலை நிறுத்தும் வழிகள்

மாதிரி ரயிலின் ரிமோட்டில் வேகத் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. உண்மையான ரயில் அப்படி நிற்பதில்லை. ஓட்டுநர் த்ராட்டில் என்ற சக்திக் கைப்பிடியைக் குறைக்கும்போது இழுவிசை மட்டுமே நீங்குகிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருள்வதால், சமதளத்தில் வண்டி வெகுதூரம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துவது தனி வேலை; அதற்குத் தனிக் கைப்பிடி உண்டு. அமெரிக்க டீசல் எஞ்சின்களில் எஞ்சினை மட்டும் பிடிக்க இண்டிபெண்டண்ட் பிரேக் என்றும், வண்டி முழுவதையும் பிடிக்க ஆட்டோமேட்டிக் பிரேக் என்றும் இரண்டு கைப்பிடிகள் உள்ளன. பின்னது, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக்கின் வழிவந்தது. ஆகவே எந்த ரிமோட்டையும் நான் எடைபோடும் அளவுகோல் ஒன்றுதான்: வேகம் கூட்டும் வேலையையும் நிறுத்தும் வேலையையும் அது எந்த அளவுக்குப் பிரித்து வைத்திருக்கிறது?

மிக எளிய வழி, டிசிசி (தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பும் முறை) டிகோடரில், அதாவது எஞ்சினுக்குள் இருந்து அக்கட்டளையை ஏற்கும் சிறு மின்சுற்றில், உந்தத்தை மட்டும் கூட்டிவைப்பது; வேகம் சட்டென மாறாமல் மெல்ல மாறும். டிகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்ற எண் உண்டு. வேகம் ஏறும் காலத்தைச் சிவி 3-உம், இறங்கும் காலத்தைச் சிவி 4-உம் தீர்மானிக்கின்றன. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் விதிப்படி சிவி 4-இன் மதிப்பை 0.896-ஆல் பெருக்கினால், முழு வேகத்திலிருந்து நிற்பதற்கு ஆகும் நொடிகள் கிடைக்கும். சில தயாரிப்பாளர்கள் வேறு பெருக்கெண்ணைக் கொள்வதால் கையேட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. 1:87 அளவுள்ள ஹெச்ஓ எஞ்சின் ஒன்றின் உச்ச வேகத்தை மணிக்கு 64 கிலோமீட்டருக்கு ஈடாகக் கட்டுப்படுத்தினால், மேசைமேல் அது நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நகரும். சிவி 4-இல் 100 வைத்தால் அது நிற்க ஏறத்தாழ 90 நொடியும் 9 மீட்டரும் வேண்டும். 9 மீட்டர் நேர்த்தண்டவாளம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? எனவே பலரும் அதை 20-க்குக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது நிற்கும் தூரம் 2 மீட்டருக்குள் வந்துவிடுகிறது, கூடவே வண்டியின் கனமும் காணாமல் போகிறது. தூரத்தை முன்கூட்டியே கணித்துத் திருகைக் குறைப்பது சுவையான பழக்கம்தான் என்றாலும், கணிப்பு தவறினால் திருத்திக்கொள்ள இதில் வழியில்லை.

ஹெச்ஓவைவிடப் பெரிய ஓ கேஜ் மாதிரிகளின் உலகில் லயனல் நிறுவனத்தின் கேப்-1 ரிமோட் வேறு பாதையில் சென்றது. அதில் பிரேக் என்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும்வரை வேகம் குறையும், விட்டதும் வண்டி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். வளைவுக்கு முன் சற்று நிதானித்துப் பின் தொடர இது வசதியானது. குழந்தைகளும் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சமதளத்தில் பிரேக்கைத் தளர்த்தியதும் தானாகப் பழைய வேகத்தை எடுக்கும் உண்மையான ரயில் கிடையாது. இதைப் பிரேக் என்பதைவிடத் தற்காலிக வேகக் குறைப்பு என்பதே பொருந்தும்.

மூன்றாவது வழிக்கே என் வாக்கு: டிகோடரின் பிரேக் செயல்பாட்டை, ஹாரன் போன்றவற்றை இயக்கும் எஃப் பொத்தான்களில் ஒன்றில் அமைத்துக்கொள்வது. இஎஸ்யூ நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரில் மூன்று பிரேக் செயல்பாடுகள் உள்ளன. அவற்றின் வலிமை சிவி 179, 180, 181 ஆகியவற்றில் அமைகிறது. பொத்தானை அழுத்தும்போது அந்த மதிப்பு சிவி 4-இலிருந்து கழிக்கப்படுகிறது. முன்சொன்ன கணக்கையே தொடர்ந்தால், சிவி 4-இல் 100-உம் சிவி 179-இல் 85-உம் இருக்கும்போது, திருகைப் பூஜ்யத்தில் வைத்த எஞ்சின் 9 மீட்டர் உருண்டோடக் காத்திருக்கும். பிரேக்கை இட்டால் மிஞ்சும் 15-க்கு ஏற்ப 13 நொடியில், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்றுவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே எங்கு நிறுத்துவது என்பது இப்போது விரலின் கையில் இருக்கிறது. வேகன்களைச் சேர்த்தும் பிரித்தும் இடம்மாற்றும் ஷண்டிங்கில் இதன் அருமை தெரியும்: நிற்கும் வேகனுக்கு ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கை இட்டு, வேகம் தளர்ந்ததும் விட்டுவிட்டால், எஞ்சின் மீதி வேகத்திலேயே மெல்ல உருண்டு சென்று இணைப்புக் கொக்கியான கப்ளரைத் தொடுகிறது. கேப்-1 போலத் திரும்பப் பாய்வதில்லை.

இதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, ரிமோட்டில் அந்தப் பொத்தான் அழுத்தினால் நிலைக்குமா, பிடித்திருக்கும்வரை மட்டுமா என்பது. ஹாரனுக்குப் பின்னது சரி, பிரேக்குக்கு முன்னது வேண்டுமென்பார் பலர், ஷண்டிங்குக்கு எனக்குப் பின்னதே உகந்தது. இரண்டாவது சற்றுக் கடுமையானது. இரண்டு எஞ்சின்களை டிகோடர் வழியாகவே இணைத்து ஓட்டும்போது, எந்தெந்தப் பொத்தான்களுக்குச் செவிசாய்ப்பது என்பதைப் பல டிகோடர்களில் சிவி 21-உம் 22-உம் தீர்மானிக்கின்றன. பிரேக் எஃப்10-இல் இருந்து, பின் எஞ்சினின் சிவி 22-இல் அது இயக்கப்படாமல் விடுபட்டால், முன் எஞ்சின் பிரேக் பிடிக்கப் பின் எஞ்சின் முட்டித் தள்ளும். நான் இதை அறிந்தது கையேட்டைப் படித்து அன்று; நடுவில் நசுங்கி எழும்பித் தடம்புரண்ட ஒரு காலி வேகனைப் பார்த்துத்தான்.

அதே செயல்பாட்டை எதனால் இயக்குவது என்பதிலும் போட்டி உண்டு. இஞ்சின் டிரைவர், வைத்ராட்டில் போன்ற கைபேசிச் செயலிகள் மலிவானவை. ஆனால் வழவழப்பான திரையில் பிரேக் பொத்தானைத் தேடக் கண் ரயிலை விட்டு விலக வேண்டும், அதுவும் சரியாக நிறுத்த வேண்டிய நொடியில். அயோவா ஸ்கேல்டு எஞ்சினியரிங் தயாரிக்கும் புரோட்டோத்ராட்டில், டீசல் எஞ்சினின் இயக்கு மேசையைக் கைக்குள் அடக்கியது: எட்டு நாட்ச் (படிநிலை) கொண்ட த்ராட்டில், திசை மாற்றும் ரிவர்சர், பிரேக் கைப்பிடி. எதையும் பார்க்காமலே தொட்டறியலாம். விலை மிகுதி, நீராவி எஞ்சின் மட்டும் வைத்திருப்பவருக்கு எட்டு நாட்சால் பயனுமில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாதிரி வேகன்களில் பிரேக் கிடையாது. வண்டி முழுவதையும் எஞ்சினின் மோட்டாரே பிடித்து நிறுத்துகிறது. ஆகவே கைப்பிடியில் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தாலும் நாம் இயக்குவது இண்டிபெண்டண்ட் பிரேக்கைத்தான். கையிலிருக்கும் ரிமோட்டை மாற்றாமல் தொடங்க விரும்புபவர் சிவி 4-ஐ முதலில் 60-இல் வைத்து, பிரேக் பொத்தானின் மதிப்பை 45-இல் அமைத்து, ஒற்றை எஞ்சினுடன் ஒரு மாலை ஷண்டிங் செய்து பார்க்கட்டும். கை பழகியபின் 100-க்கு ஏற்றலாம்.