ஹார்ஸ் செஸ்ட்நட், பச்சீரா, பூமருது: கோலாலம்பூர், பினாங்கு வீட்டுத் தோட்டத்துக்கு எது?

பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் கருமணலில் சர்க்கரை சேர்த்து வறுத்து விற்கிறார்களே, அந்தச் செஸ்ட்நட் கொட்டை வேறு. அதற்கும் ஹார்ஸ் செஸ்ட்நட்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. ஹார்ஸ் செஸ்ட்நட் மரம் ரம்புத்தானுக்கும் பூந்திக்கொட்டைக்கும் சொந்தம். பூந்திக்கொட்டை போலவே நுரைக்கும் சத்து அதன் விதையில் இருக்கிறது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ நாயோ இருந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

மரத்தின் பிறப்பிடம் கிரீஸ், அல்பேனியா பக்கத்து மலைகள். ஐரோப்பா போய்வந்தவர்கள் மே மாதத்தில் அதைப் பார்த்து மயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து முதல் ஏழு விரல் விரித்த இலை, கிளை நுனிதோறும் மெழுகுவத்தி நட்டாற்போல 10 முதல் 30 செ.மீ. வெள்ளைப் பூங்கொத்து, பிறகு முள்தோலுக்குள் பளபளக்கும் பழுப்புக் கொட்டை. இந்த மூன்றையும் சேர்த்துத் தரும் மரம் நம் ஊரில் இல்லை. அதனால் இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

ஹார்ஸ் செஸ்ட்நட்டையே வைத்தால் என்ன ஆகும்? முளைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இலையுதிர்ந்ததும் அதன் மொட்டு பிசினால் மூடிக்கொண்டு தூங்கப் போகும். 7 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் ஒழுங்காக விழிக்கும். கோலாலம்பூரில் இரவே 24 டிகிரி. பகல் நீளத்தை வைத்துப் பருவம் அறியவும் வழியில்லை: வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம்தான். கேமரன் மலைக்குக் கொண்டுபோகலாமே என்பார்கள். அங்குள்ள தானா ராத்தா ஊரிலும் இரவு 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பினாங்கு மலையோ 833 மீட்டர்தான், பேச்சுக்கே இடமில்லை. முதல் வருடம் ஒரு தளிர் வீச்சு, பிறகு நுனி கருகிய இலை, திறக்காத மொட்டு, மழைக்காலத்தில் வேரழுகல் என்று போகும். சொந்த மண்ணிலேயே விதை போட்டுப் பூப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிற மரம் இது.

இருந்தாலும் சாடியில் ஒருமுறை முளைக்க வைத்துப் பார்ப்பேன் என்பவர்களுக்கு: விதை காய்ந்தால் செத்துவிடும். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தூக்கி எறியுங்கள். பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் தேங்காய் நார்த்தூள் எடுத்து, துளையிட்ட பிளாஸ்டிக் பையில் விதையோடு கலந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 12 முதல் 16 வாரம் வையுங்கள். உறைபெட்டி வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து, பூஞ்சை பிடித்ததை அகற்றுங்கள். பிறகு 30 செ.மீ. ஆழச் சாடியில் 5 செ.மீ. ஆழத்தில் நடவேண்டும், ஆணிவேர் நீளமாக இறங்கும். சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். விதையைப் பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவதும் தப்பு. இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்.

இலைதான் ஆசை என்றால் பச்சீரா. பணமரம் என்று ஐந்து தண்டைப் பின்னி சிவப்பு ரிப்பன் கட்டி விற்பது இதைத்தான். இது டுரியான் சொந்தம். விரித்த கை போன்ற அதே இலை. ஹார்ஸ் செஸ்ட்நட்டுக்கு ஓரம் ரம்பப் பல், இதற்கு வழவழப்பு. பூ இருட்டியபின் விரியும், முகம் மழிக்கும் பிரஷ் மாதிரி நீள மகரந்தத் தாள்களோடு.

இதில் பெரிய தப்பு எதுவென்றால், பின்னிய செடியை அப்படியே மண்ணில் நடுவது. சாடியில் அடங்கியிருந்த தண்டுகள் மண்ணில் பருக்கத் தொடங்கியதும் ஒன்றையொன்று நெரிக்கும். பட்டை உரசிப் புண்ணாகி, ஈரம் தேங்கி, ஒவ்வொன்றாக அழுகும். நடும் முன் வேரைக் கழுவிப் பிரித்து, தடித்த ஒரு தண்டை மட்டும் நடுங்கள். மற்றவை தனிச் சாடிக்கு. இதைவிட நல்லது விதைக்கன்று: பழம் வெடித்த சில நாளிலேயே போட்டால் ஓரிரு வாரத்தில் முளைக்கும், ஒரே விதையில் இரண்டு மூன்று கன்றுகூட வரும். கொட்டையை வறுத்துத் தின்பவர்கள் உண்டு. ஆனால் அதன் எண்ணெயில் உடம்புக்கு ஆகாத கொழுப்பமிலங்கள் இருப்பதால், நாங்கள் தின்னச் சொல்லமாட்டோம்.

பூதான் வேண்டும் என்றால் யோசிக்காமல் பூமருது. இங்கே பூங்கோர் என்று கேட்டால் கிடைக்கும். மருதாணிக்கும் மாதுளைக்கும் சொந்தம், இந்த மண்ணிலும் இயற்கையாக வளர்வது. கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும் ஊதாக் கொத்து 30, 40 செ.மீ. வரை வரும். இலை சிவந்து உதிர்ந்து, வறட்சிக்குப் பின்தான் கொட்டிப் பூக்கும். ஜனவரி, பிப்ரவரி வறட்சி தெளிவாக இருக்கும் பினாங்கில் மரம் முழுக்க ஒரே வீச்சில் பூப்பதும், மழை விட்டுவிட்டுப் பெய்யும் கோலாலம்பூரில் பாதி பாதியாகப் பூப்பதும் இதனால்தான்.

ஒன்றரை மீட்டர் கன்றே போதும். லாரியில் வரும் பெரிய மரம் வேர் அறுபட்டு இரண்டு வருடம் சும்மா நிற்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் மேல்மண்ணுக்குக் கீழே கட்டடக் கழிவுதான் கிடக்கும், ஆகவே 60 செ.மீ. குழி தோண்டிக் கல்லைப் பொறுக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் 30 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் போதும். சுவரிலிருந்தும் லோங்காங்கிலிருந்தும் (சாக்கடைக் கால்வாய்) ஐந்து மீட்டராவது தள்ளுங்கள். டெரஸ் வீட்டில் அந்த இடமே இருக்காது; அங்கே பச்சீராவைச் சாடியில் வைப்பதுதான் வழி.

பூமருது பூக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் மூன்றே காரணம்: நிழல், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம், நேரம் தெரியாத வெட்டு. பூ வருவது புதுக்கிளை நுனியில். வறட்சி முடிந்து தளிர் விட்டபின் அழகுக்காக நுனியைக் கத்தரித்தால் அந்தப் பருவத்துப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகும். வெட்டுவதானால் பூத்து முடிந்த உடனே, காய் முற்றும் முன் வெட்டுங்கள்.