310, 118, 70: ஜெர்மனியில் என் கார் சம்பாதித்த கதை

"வீட்லயே கார் சார்ஜ் போடுறீங்க, அதுக்குக் காசு தர்றாங்க, நீங்க இன்னும் வாங்கலையா?" என்று அலுவலக கேன்டீனில் செந்தில் கேட்டது 2022 ஏப்ரலில். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது தெரியாது. அன்று இரவே ஒரு தரகு கம்பெனியில் பதிந்துவிட்டேன். மூன்று வருடம் அவர்களிடமே இருந்த அனுபவம் இது.

ஜெர்மனியில் பெட்ரோல், டீசல் விற்கும் கம்பெனிகள் ஆண்டுதோறும் தங்கள் எரிபொருளின் கரியமில உமிழ்வைக் குறிப்பிட்ட அளவு குறைத்துக் காட்ட வேண்டும். 2022க்கு 7 சதவீதம். காட்டத் தவறினால் டன்னுக்கு 600 யூரோ அபராதம். தாங்களே குறைக்க முடியாதவர்கள் அந்தக் கணக்கை வெளியே விலைக்கு வாங்கலாம். பெட்ரோல் எரிக்காத மின்சாரக் கார் மிச்சப்படுத்தும் உமிழ்வும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் 2022 முதல் மின்சாரக் கார் வைத்திருக்கும் சாதாரண ஆளும் அதை விற்கலாம். இந்த ஏற்பாட்டை டே-ஹா-கே குவோட்டே என்பார்கள். எண்ணெய் கம்பெனி என் ஒரு காருக்காக என்னிடம் பேரம் பேசாது. அதனால் தரகு கம்பெனி ஆயிரக்கணக்கான கார்களைச் சேர்த்து, டெஸ்ஸாவில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அலுவலகத்தில் சான்று வாங்கி, மொத்தமாக விற்கிறது.

பதிவது சுலபம். நம்ம ஊர் ஆர்.சி. மாதிரி இங்கே உள்ள வண்டிப் பதிவுத்தாளை இரு பக்கமும் போட்டோ எடுத்து ஏற்றி, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. பத்து நிமிடம். மீட்டர் ரீடிங் கேட்கவில்லை. வீட்டில் சார்ஜர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு காருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 யூனிட் என்று அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நான் ஓட்டுவது 9,000 கிலோமீட்டர், ஆவது 1,500 யூனிட். செந்தில் அதைப்போல மூன்று மடங்கு ஓட்டுகிறார். இருவருக்கும் ஒரே கணக்குதான். ஆக இது சார்ஜ் போட்டதற்கான காசு இல்லை, கார் வைத்திருப்பதற்கான காசு. கார் முழு மின்சாரமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பிளக்-இன் ஹைப்ரிடுக்கு ஒரு சென்ட் கிடையாது. அவருக்கு அதில் இன்றும் வருத்தம்.

முதல் வருடம் நிலையான தொகை என்ற திட்டம். 310 யூரோ, மூன்றே மாதத்தில் வந்தது. அந்தக் காசுக்கு எனக்கு வருமான வரியும் இல்லை. ஊரில் அப்பாவிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்றார்.

அடுத்த வருடம் ஆசை வந்தது. "400 யூரோ வரை" என்று போட்டிருந்த திட்டத்துக்கு மாறினேன். விற்கும் விலையில் 85 சதவீதம் நமக்கு. அந்த 'வரை'யை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. 2023இல் சந்தை சரிந்தது. சீனாவிலிருந்து மலிவான பயோடீசல் வந்து குவிந்தது, அதன் மூலப்பொருள் பற்றிய சந்தேகமும் கூடவே வந்தது. அங்கே நடந்ததாகக் காட்டப்பட்ட சில உமிழ்வுக் குறைப்புத் திட்டங்கள் மீதும் மோசடிப் புகார் எழுந்தது. எண்ணெய் கம்பெனிகளுக்கு மலிவான கணக்கு தாராளமாகக் கிடைத்தபோது என் காரின் கணக்கை யார் தேடுவார்கள்? ஒன்பது மாதம் கழித்து 118 யூரோ வந்தது.

விலை சரிந்ததற்கு இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு மெயிலுக்கும் ஒரே தானியங்கிப் பதில் வந்ததற்குச் சொல்வேன். அதைவிட எரிச்சல், வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தபோது. முதல் நாள் நான் டிக் செய்த அனுமதி மூன்று வருடத்துக்காம். 2024க்கு அவர்கள் ஏற்கனவே விண்ணப்பித்துவிட்டார்கள். ஒரு காருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் சான்று. அதனால் புதிய கம்பெனி அனுப்பியது நிராகரிக்கப்பட்டது. அந்த வருடம் வந்தது 70 யூரோ.

இந்தத் தரகு கம்பெனிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் பதிவு செய்யும் பக்கத்தின் எளிமைக்கும் முதல் வருடத்து வேகத்துக்கும்தான்.

பதியப் போகிறவர்கள் நிலையான தொகையையே எடுங்கள். அனுமதி ஒரு வருடத்துக்கு மட்டும்தானா என்று பாருங்கள். அந்தந்த வருடக் கணக்கு நவம்பர் 15க்குள் டெஸ்ஸா போய்ச் சேர வேண்டும் என்பதால் அக்டோபரைத் தாண்ட விடாதீர்கள். பழைய கார் வாங்குகிறீர்களா? அந்த வருடத்துக் காசை விற்றவர் ஏற்கனவே வாங்கிவிட்டாரா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

அந்த 70 யூரோ எங்கே போனது என்று மனைவி கேட்டாள். குளிர்கால டயர் மாற்றிய ரசீதைக் காட்டினேன்.