அஞ்சு டிகிரி குறைக்கணுமா? செல்சியஸில் அது எவ்வளவு?

பல்லடம் பக்கம் கறிக்கோழிக் குஞ்சு இறக்கியதும் புரூடர் (குஞ்சுகளுக்குக் கதகதப்பு தரும் அமைப்பு) சூட்டை பாரன்ஹீட்டில் சொல்பவர்கள் இன்னமும் உண்டு. "மொத வாரம் 95 வெச்சுருங்க, அப்புறம் வாரத்துக்கு அஞ்சு அஞ்சாக் கொறைங்க" என்பார்கள். ஷெட்டில் தொங்கும் மீட்டர் செல்சியஸ் காட்டினால் அந்த 5-ஐ மாற்றியாக வேண்டும். அதற்கு நாலு வழிகள். நாலும் ஒரே விடையைத் தருவதில்லை.

முதலில் தள்ள வேண்டியது செல்போன் கன்வெர்ட்டர். 5 பாரன்ஹீட் என்று போட்டால் மைனஸ் 15 செல்சியஸ் என்று வரும். அது 32-ஐக் கழித்துவிட்டுத்தான் மாற்றுகிறது. ஒரு வெப்பநிலையை மாற்ற அது சரி. இரண்டு வெப்பநிலைக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் 32 இரு பக்கமும் அடிபட்டுப் போகும். மைனஸ் 15-ஐ யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் ஆபத்தில்லை. திருப்பி மாற்றும்போதுதான் வம்பு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், கோவையைவிட ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமான ஊட்டி 12 டிகிரி குளிர்ச்சி. கன்வெர்ட்டர் இந்த 12-ஐ 53.6 பாரன்ஹீட் ஆக்கும். பார்க்க நம்பும்படியான எண். உண்மையான வித்தியாசம் 21.6தான்.

இரண்டு முனையையும் தனித்தனியாக மாற்றிக் கழிப்பது இரண்டாவது வழி. தத்துவம் சரி, ஆனால் முழு எண்ணாக்கினால் சறுக்கும். 95, 90, 85, 80 பாரன்ஹீட் முறையே 35, 32, 29, 27 செல்சியஸ் ஆகிவிடும். அதாவது ஒரே 5 டிகிரி படி ஒரு வாரம் 3 ஆகவும் இன்னொரு வாரம் 2 ஆகவும் தெரியும். பேப்பரில் எழுதித் தொங்கவிட இது ஆகாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, அதாவது 1.8-க்கு. தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே செல்சியஸில் 100 படி, பாரன்ஹீட்டில் 180 படி. ஆகவே செல்சியஸ் வித்தியாசத்தை 1.8-ஆல் பெருக்கினால் பாரன்ஹீட், பாரன்ஹீட் வித்தியாசத்தை 1.8-ஆல் வகுத்தால் செல்சியஸ். 5-ஐ வகுத்தால் 2.78.

கால்குலேட்டர் கையில் இல்லையென்றால் நாலாவது வழி: இரட்டித்து, அதில் பத்தில் ஒன்றைக் கழி. 12-ஐ இரட்டித்தால் 24, அதில் 2.4 போனால் 21.6. இது தோராயம் அல்ல, துல்லியமான விடையேதான். திரும்பி வரும்போது பாதியாக்கி, அதில் பத்தில் ஒன்றைக் கூட்டுவார்கள். 5-க்கு 2.75 வரும். நூற்றுக்கு ஒன்று குறைவு, குஞ்சுக்கு அது ஒரு பொருட்டில்லை.

மோட்டார் பட்டறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே வெப்ப ஏற்றத்தை, அதாவது ஓடும் மோட்டார் சுற்றுச்சூழலைவிட எவ்வளவு சூடாகிறது என்பதை, கெல்வினில் சொல்வது வழக்கம், கெல்வின் படியும் செல்சியஸ் படியும் ஒன்றே. ஆனாலும் 80 கெல்வின் ஏற்றத்தைக் கன்வெர்ட்டரில் போட்டு மைனஸ் 193 என்று திகைக்க இடமுண்டு. பி வகுப்பு இன்சுலேஷனுக்கு (மின்காப்பை அது தாங்கும் சூட்டை வைத்துப் பிரித்த வகுப்புகளில் ஒன்று) அந்த 80, சுற்றுச்சூழல் 40 டிகிரியோடு சேர்ந்து 120 டிகிரி செல்சியஸ் ஆகும். வகுப்பின் வரம்பு 130, மீதி 10 வைண்டிங்கில் (மோட்டாரின் கம்பிச் சுற்றில்) அதிகம் சூடாகும் இடத்துக்காக விட்டது.