வீட்டில் பாட்டுக் கேட்க எது வாங்கலாம்: ஓப்பன்-பேக், க்ளோஸ்டு-பேக், ப்ளூடூத், ஸ்பீக்கர்

ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சென்ஹைசரா, சோனியா, ஆடியோ-டெக்னிகாவா என்று. நான் வேறு மூன்று கேள்விகளை முதலில் கேட்கச் சொல்வேன். கேட்கும் அறையில் என்னென்ன சத்தம் இருக்கிறது? பக்கத்தில் யார் இருப்பார்கள்? நீங்கள் அதிகம் கேட்பது எந்தக் காலத்துப் பாட்டு? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடையில் உள்ளதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

விலையை வைத்து முடிவு செய்யலாமே என்றால், அது நம்பக்கூடிய வழி இல்லை. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை, அதாவது எந்த ஒலியை எவ்வளவு தூக்கித் தருகின்றன என்பதை, அவற்றின் விலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் உலோகத்துக்கும் தோலுக்கும் வசதிகளுக்கும் போகலாம். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி, நடு ஒலி, ட்ரெபிள் என்கிற உயர்ந்த ஒலி மூன்றும் சரியான அளவில் இருக்கும் என்பதற்கு விலைச்சீட்டு உத்தரவாதம் தராது.

அப்படியானால் எதை வைத்துச் சோதிப்பது? நம்மிடம் அருமையான கருவி ஒன்று இருக்கிறது: மிருதங்கம். வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலின் நடுவில் பூசியிருக்கும் கறுப்புக் கரணைதான் அந்தத் தோலின் மேற்சுரங்களை (அடிச் சுருதியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை) ஒழுங்கான விகிதத்தில் நிறுத்துகிறது என்பதை சி.வி.ராமன் 1920-இலும் 1934-இலும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. மற்ற பல தோல்கருவிகளில் அது முடியாது. நல்ல ஹெட்போனில் வலந்தலையின் ஒவ்வொரு ‘நம்’மிலும் தம்புராவோடு இழையும் சுருதி கேட்க வேண்டும். நடு ஒலி குழிந்த ஹெட்போனில் அந்தச் சுருதி மறைந்து வெறும் தட்டல் மிஞ்சும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் எழும் உருண்ட ஒலியான கும்கி இன்னொரு சோதனை. பேஸைத் தூக்கி வைத்த ஹெட்போனில் அது உருண்டு ஓடாமல் கனமாகப் பரவிப் பாடகரின் குரலை மூடும். ஐந்து நிமிடத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விற்பவர் போட்டுக் காட்டும் பாட்டைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஓப்பனா, க்ளோஸ்டா

ஓப்பன்-பேக் ஹெட்போனில் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை. க்ளோஸ்டு-பேக்கில் அது மூடிய ஓடு. வலை இருந்தால் பின்பக்கம் எழும் ஒலி வெளியே போய்விடும், உள்ளேயே மோதித் திரும்பாது. அதனால் ஒலி தலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, காற்றோட்டமாகக் கேட்கும். ஓடு மூடியிருந்தால் வெளிச்சத்தம் குறையும், பேஸ் அழுத்தமாக வரும், ஆனால் ஒரு அடைப்பு உணர்வும் சேர்ந்து வரும்.

ஓப்பன்-பேக்கில் நான் முதலில் எடுத்துக்கொள்வது சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. எடை 260 கிராம், மின்தடை 300 ஓம் (இந்த ஓம் கணக்கைக் கீழே ஆம்ப் பகுதியில் பார்ப்போம்). வயர், காது மெத்தை, தலைப்பட்டியின் மெத்தை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். நம்மூரில் பொருளை ரிப்பேர் செய்து பல வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். மனிதக் குரல் இதில் அவ்வளவு இயல்பாக இருக்கும். வாய்ப்பாட்டும் வயலினும் கேட்பவர்களுக்கு இதைவிட நல்லதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அதன் குறை ஆழ்ந்த பேஸ்; அடியில் சீக்கிரமே ஒலி மெலிந்துவிடும். தொண்ணூறுகளுக்குப் பிந்தைய திரையிசையில் கீபோர்டில் வரும் அடி ஒலி பாதிதான் கிடைக்கும்.

அதே கம்பெனியின் எச்டி 560எஸ் 2020-இல் வந்தது. 120 ஓம், 240 கிராம், விலையும் குறைவு. பேஸ் இன்னும் கீழே இறங்கும், கருவிகள் எங்கே நிற்கின்றன என்பது தெளிவாகத் தெரியும். மேல் ஒலி மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். திரையிசையும் கச்சேரியும் கலந்து கேட்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், எச்டி 600-ஐ அல்ல.

சரி, க்ளோஸ்டு-பேக்கில்? மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள். சோனி எம்டிஆர்-7506 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவது. லேசானது, மடக்கலாம். ஆனால் மெத்தை ஒல்லி, சுருள் வயர் ஒரு பக்கமாக இழுக்கும், அந்த வயரைக் கழற்றவும் முடியாது. பாட்டில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்கச் செய்த பொருள் இது. சாவகாசமாகச் சாய்ந்து கேட்பதற்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம்தான், போனிலேயே தாராளமாக ஓடும், வயரை மாற்றலாம். பேஸ் தூக்கல், குத்துப்பாட்டுக்கு உற்சாகம், தொப்பிக்கு அளவுக்கு மீறிய கனம்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூன்றாவது. ஜெர்மனியில் செய்வது. 32, 80, 250 ஓம் என்று வகை வகையாக வந்திருக்கிறது. வீட்டுக்கு 80 ஓம் போதும். மூன்றில் காதுக்கு மிக இதமானது இதுதான், வெல்வெட் மாதிரியான மெத்தை. நம் வெயிலில் இந்த மெத்தை விஷயத்தை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் ஊறி ஊறி இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் கழுத்தில் ஒட்டும். துணி மெத்தை அப்படி உரியாது, காற்றும் கொஞ்சம் போகும். டிடி 770-இன் சிக்கல் ட்ரெபிள். ஜால்ராவும் ‘ஸ’ எழுத்தும் குத்தும். நாகஸ்வரப் பதிவை அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும். வின்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற இலவச மென்பொருள்களால் அந்த மேட்டைத் தணித்துவிட்டால் இது வேறு ஹெட்போனாகவே ஆகிவிடும்.

ஒலியை மட்டும் பார்த்தால் ஓப்பன்-பேக்குக்கே என் ஓட்டு. ஆனால் சீலிங் ஃபேன் இருக்கிறதே! ஐந்தில் ஃபேன் ஓடும் அறையில், ஜன்னலுக்கு வெளியே பேருந்து போகும் தெருவில், ஓப்பன்-பேக் எல்லாவற்றையும் உள்ளே விடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? ஒலியைக் கூட்டுகிறோம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 86 டெசிபலில் கேட்டால் அந்த 40 மணி நேரம் 10 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இரைச்சலான அறையில் தினமும் கேட்பவருக்கு க்ளோஸ்டு-பேக் வாங்குவது காதைக் காப்பாற்றும் வேலை.

மறுபக்கமும் உண்டு. வயதானவர்களோ குழந்தையோ வீட்டில் இருந்தால், கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், காலிங் பெல் கேட்க வேண்டும். அதற்கு ஓப்பன்-பேக்தான். ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். படுக்கையறையில் இரவு 11 மணிக்கு இது குடும்பச் சண்டையில் முடியும்.

ப்ளூடூத்தும் இயர்போனும்

இரைச்சலைக் குறைக்கும் ப்ளூடூத் ஹெட்போன் ஃபேன், ஏசி போன்ற ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்தை நன்றாகவே அடக்கும். பேச்சுக் குரலும் குக்கர் விசிலும் அவ்வளவு அடங்காது. ப்ளூடூத்தில் பாட்டை அனுப்பும் முறைகளில் ஒன்றான எல்டிஏசி விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், சிடி 1,411 என்று எண்களைப் பேசுவார்கள். அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. காதில் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ஹெட்போனின் ஒலி அமைப்பிலிருந்தே வருகிறது. என் தயக்கம் பேட்டரி. சில வருடங்களில் அது தளர்ந்துவிடும், பல மாடல்களில் மாற்றுவது சுலபமில்லை. நடந்துகொண்டே, வேலை பார்த்துக்கொண்டே கேட்பவர்கள் ப்ளூடூத் வாங்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து பாட்டை மட்டுமே கேட்பவர் வயருள்ளதை வாங்கினால் அதே பணத்தில் நல்ல ஒலி கிடைக்கும்.

வயருள்ள இயர்போன்களில் மூன்ட்ராப், 7எச்இசட் போன்ற சீனக் கம்பெனிகள் சில வருடங்களாகச் செய்துவருவதைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே ஒலி அவ்வளவு சமநிலையாக வருகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்லலாம். காதுக்குள் ரப்பர் நுனி இறுகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் பேஸ் முழுக்கப் போய்விடும். கூடவே தரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள்.

ஆம்ப் தேவையா

300 ஓம் என்றாலே ஒலியைப் பெருக்கும் பெரிய ஆம்ப் வேண்டும் என்ற பயம் பரவியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் டாங்கிள் இருக்கிறதே, நல்ல டைப்-சி டாங்கிள் ஒன்று 1 வோல்ட் தரும். திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தது. ஆக 32 ஓமுக்கு 31 மில்லிவாட், 80 ஓமுக்கு 12.5, 250 ஓமுக்கு 4, 300 ஓமுக்கு 3.3. டிடி 770 ப்ரோ 1 மில்லிவாட்டில் 96 டெசிபல் தருவது. 4 மில்லிவாட் என்றால் 102 டெசிபல் வரை எட்டும். பாட்டின் சராசரி ஒலி உச்சத்தைவிட மிகக் கீழே இருப்பதால் அன்றாடக் கேட்புக்கு இது போதும். மெல்லிய ஒலியில் பதிவான பழைய கச்சேரி நாடாக்களுக்கு மட்டும்தான் இழுபறி வரும்.

ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் இந்த வகையில் மலிவான, சுத்தமான ஒலி தரும் பொருள். சில ஆண்ட்ராய்டு போன்களில் அதில் ஒலி குறைவாக வரும். வாங்கும் முன் உங்கள் போனில் செருகிப் பாருங்கள். இன்னொரு விதியும் உண்டு. ஒலி வெளிவரும் கருவியின் மின்தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சில பழைய ஆம்ப்களின் ஹெட்போன் துளையில் இது அதிகம். அங்கே எச்டி 600 மாதிரியான ஹெட்போனின் பேஸ் தடித்துப்போகும். அப்புறம், ஹெட்போனுக்கு ஐந்தாயிரமும் ஆம்புக்கு இருபதாயிரமும் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் கேட்பது எவ்வளவோ மேம்படும்.

ஸ்பீக்கர் எங்கே ஜெயிக்கிறது

ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளை விரும்பிக் கேட்பவர்களா நீங்கள்? அப்படியென்றால் ஹெட்போனே வேண்டாம் என்பேன். அந்தக் காலப் பதிவுகள் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஹெட்போனில் மோனோ ஒலி முழுக்க மண்டைக்கு நடுவே வந்து உட்காரும். குரல், தபலா, வயலின் வரிசை எல்லாம் ஒரே புள்ளியில். நல்ல ஹெட்போனாக இருந்தால் இசைத்தட்டின் கரகரப்பும் நாடாவின் இரைச்சலும் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் அதே பாட்டு எதிரே, அறைக்குள் நிற்கும். எழுபதுகளின் கடைசியில் ஸ்டீரியோ வந்த புதிதில் செய்த பதிவுகளுக்கும் இது பொருந்தும். ஒரு கருவியை முழுக்க இடப்பக்கம், இன்னொன்றை முழுக்க வலப்பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டையும் கேட்பதால் அது இயல்பாகக் கலக்கும். ஹெட்போனில் ஒரு காது வெறுமையாகக் கிடக்கும்.

எடிஃபையர் ஆர்1280டி மாதிரி, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடிப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் போதும். 4 அங்குல ஊஃபர், மொத்தம் 42 வாட். ஒற்றைப் பெட்டியான சவுண்ட்பாரில் அதே விலைக்கு ஒலி இப்படி இடம், வலம் என்று பிரிந்து கிடைக்காது. டிவி வசனத்துக்கு சவுண்ட்பார் நல்லது, பாட்டுக்கு ஜோடி ஸ்பீக்கர்.

ஸ்பீக்கரின் எதிரி நம் அறைதான். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, திரை இல்லாத ஜன்னல். ஒலி நான்கு பக்கமும் அடித்துத் திரும்பும். பத்தடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி நிற்கும். அதனால் ஒரு மூலையில் பேஸ் குமுறும், அறையின் நடுவில் அதே பேஸ் காணாமல் போகும். பணம் கொடுத்து இதைத் தீர்க்க வேண்டியதில்லை. பீரோ மேல் ஏற்றி வைத்த ஸ்பீக்கரை இறக்கி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் தள்ளுங்கள், மூலையில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்து உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையில் ஜமக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் எதிரொலி நன்றாகக் குறையும். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போடாமல் ஒரு அடி முன்னும் பின்னும் நகர்த்தி, தொப்பியின் ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.