வாடகை வீட்டு ஒயரிங் வேலை: "பழைய ஒயர் எங்கே?" என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வாடகைக்கு விட்டிருக்கும் போர்ஷன் காலியாகி, அடுத்தவர் குடிவருவதற்குள் கரண்ட் வேலையை முடித்துவிடலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எனக்கு 43,000 ரூபாய் போனது. அது எங்களுக்குப் பெரிய பணம்தான். ஆனால் அதைவிட, எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் பாத்ரூம் குழாயில் மூன்று வாரமாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது, அதுவும் நான் பாதுகாப்புக்கு என்று காசு கொடுத்துச் செய்த வேலையால் வந்தது என்பதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

வீடு திருச்சி உறையூரில். 1993இல் அப்பா கட்டியது. கீழே நாங்கள், மாடியில் ஒரு போர்ஷன், இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். மாடியில் ஒன்பது வருடம் இருந்த குடும்பம் டிசம்பர் கடைசியில் காலி செய்தது. போகும்போதே அந்த அம்மா சொன்னார், அயர்ன் பாக்ஸ் போட்டால் பிளக் சுடுகிறது, மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் லேசாக ஷாக் தெரிகிறது என்று. பழைய கட்டை ஃபியூஸ், பழைய 3/20 (மூன்று இழை) ஒயர், மாடிக்கு எர்த் சரியாக இருந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் ஸ்விட்ச், சாக்கெட் மாதிரிச் சின்னப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு, ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் பிரித்திருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் பொறுப்புதான், சுவருக்குள் இருப்பதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை செய்தவர் என்று சொல்லி எலக்ட்ரீசியன் ஒருவரை அனுப்பினார்கள். நன்றாகத்தான் பேசினார். மாடி முழுக்கப் புது ஒயர் இழுப்பது, புது டிபி பாக்ஸ் (மெயினில் வரும் கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரிக்கும் பெட்டி), ஒவ்வொரு லைனுக்கும் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, புது எர்த் பிட் (எர்த் குழாய் இறக்கும் குழி), கீசருக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் லைன். எல்லாம் சேர்த்து 43,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், கையெழுத்து இல்லை.

ஆர்சிசிபி வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டது நான்தான். எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எம்சிபி பார்ப்பது லோடு அதிகமாவதையும் ஷார்ட் ஆவதையும் மட்டும்தான். மனித உடம்பு வழியாகப் போகும் கரண்ட் உயிரை எடுக்கும் அளவு இருந்தாலும் அது எம்சிபிக்கு ஒன்றுமே இல்லை, கவனிக்காது. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா, நடுவில் எங்காவது கசிந்து மண்ணுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, கசிந்த நொடியே லைனை நிறுத்துவது ஆர்சிசிபிதான். மின்வாரியமும் இதைப் போடச் சொல்லித் தொடர்ந்து அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வேலை நான்கு நாள். அந்த நான்கு நாளில்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நான் பாதி நேரம் ஆஸ்பத்திரியில். எலக்ட்ரீசியன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தார். புது ஒயர் சுருள், பளபளவென்று டிபி பாக்ஸ், வரிசையாக எம்சிபி. கடைசி நாள் சாயங்காலம் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு முனையை ஃபேஸிலும் இன்னொன்றை பிளக்கின் எர்த் துளையிலும் வைத்தார், நன்றாக எரிந்தது. "எர்த் பக்காவா இருக்குக்கா." அப்புறம் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கினார். டக் என்று நெம்பு விழுந்தது. "பாத்தீங்களாக்கா, வேலை செய்யுது." பழைய ஒயரைப் பற்றிக் கேட்டதற்கு, ஸ்கிராப்பை நானே எடுத்துக்கொள்கிறேன், கூலியில் 500 குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சாக்கு மூட்டையைக் காட்டினார். நான் மூட்டையைத் திறந்து பார்க்கவில்லை. மீதிப் பணத்தை அப்போதே போனில் அனுப்பிவிட்டேன்.

தை பிறந்ததும் புதுக் குடித்தனம் வந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் இறங்கி வந்து, "அக்கா, பாத்ரூம்ல குழாயத் தொட்டா சில நேரம் சுர்ருனு இருக்கு, தண்ணியும் சில நாள் சூடாகவே மாட்டேங்குது" என்றார். நான் எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தேன். கீசர் பழசுக்கா, ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டிருப்பாங்க, செருப்புப் போட்டுக்கச் சொல்லுங்க என்றார். புது வேலை, போட்டோ எல்லாம் இருக்கிறது, அதனால் அவர் சொன்னதை நம்பினேன். இதில்தான் என் மேல் எனக்கு மன்னிக்க முடியாத கோபம். இரண்டாவது முறை அந்தப் பெண் சொன்னபோது நானே போய்க் குழாயைத் தொட்டேன். கீசர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை வரை இழுத்தது. உடனே கீசர் எம்சிபியை இறக்கி, பிளக்கையும் பிடுங்கச் சொல்லிவிட்டு, வேறு ஆள் தேட ஆரம்பித்தேன்.

வந்தவர் மில்லில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அரசு உரிமம் வைத்திருப்பவர். டூல்ஸைக்கூட எடுக்காமல் முதலில் ஒரு வேலை செய்தார். ஹாலில் ஃபேனைப் போடச் சொன்னார், பிறகு ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கினார். டக் என்று நெம்பு விழுந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, இது சும்மா மாட்டி வச்சிருக்கு" என்றார்.

மூடியைக் கழற்றிக் காட்டினார். மெயினில் இருந்து வரும் ஒயர் ஆர்சிசிபியின் உள்வாயிலுக்கு வருகிறது, அதே உள்வாயிலில் இருந்தே இன்னொரு ஜோடி ஒயர் நேராக எம்சிபிகளுக்கும் நியூட்ரல் பட்டைக்கும் போகிறது. வெளிவாயிலில் ஒன்றுமே இல்லை. உள்ளே சப்ளை இருப்பதால் டெஸ்ட் பட்டன் அமுக்கினால் நெம்பு விழும், ஆனால் வீடு அதன் வழியாக ஓடவே இல்லை. அன்றைக்கு எனக்குக் காட்டும்போது காலி வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும், ஆர்சிசிபிக்குத்தான் காசு போட்டு வாங்கிவிட்டாரே என்று கேட்டேன். ஸ்விட்ச் போர்டுகளைத் திறந்ததும் பதில் கிடைத்தது. போர்டுக்குள் ஒரு அடிக்குப் புது ஒயர், அதற்கு அந்தப் பக்கம் டேப் சுற்றி முறுக்கி, பைப்புக்குள் அதே முப்பது வருடப் பழைய ஒயர். எல்லா போர்டும் இப்படித்தான். ஈரம் ஊறிய சுவரில் காப்பு போன பழைய ஒயர் கசியத்தானே செய்யும், ஆர்சிசிபியை முறைப்படி மாட்டினால் அது நிற்கவே நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும், ஒயர் மாற்றவில்லை என்பது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அதனால் அதன் வாயைக் கட்டிவிட்டார்.

கீசர் லைனில் நடந்ததுதான் கொலை மாதிரி. டிபி பக்கம் ஒரு அடி, கீசர் பக்கம் ஒரு அடி தடியான 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், நடுவில் பழைய மெல்லிய ஒயர், அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒயர் சூடாகி உருகினாலும் 32 ஆம்பியர் எம்சிபி விழாது, ஏனென்றால் அதன் கணக்கில் இன்னும் லோடு வரவே இல்லை. அடுத்து, பிளக் பாயிண்டில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருந்தார். பல்பு எரிந்ததற்குக் காரணம் அதுதான், எரிந்தது நியூட்ரலில், எர்த்தில் இல்லை. மெயினை இறக்கி, நியூட்ரலையும் டிபியில் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், பீப் என்று சத்தம் வந்தது. இப்படி மூன்று பிளக்கில்.

இது எப்படி ஷாக்காக மாறியது என்றால், தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் முறுக்கிய இடத்தில் நியூட்ரல் இணைப்பு சூட்டில் கருகி விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. அது விட்டுப்போகும்போது தண்ணீர் சூடாகாது, கீசரின் காயில் வழியாக வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழியும் இல்லை, அந்தத் துண்டு ஒயர் வழியாக எர்த் பின்னுக்கு வந்து கீசர் உடம்பில் நிற்கும். அங்கிருந்து தண்ணீர், குழாய். "பிளாஸ்டிக் பைப்பா இருந்ததால தண்ணி வழியா மட்டும் கொஞ்சமா வந்திருக்கு, பழைய இரும்புக் குழாயா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பெண் குழந்தையை அங்கேதான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

எர்த் பிட்டைப் போய்ப் பார்த்தோம். சிமெண்ட் மூடியைத் தூக்கினால், குழாய் மூன்றடிகூட இல்லை, பச்சை ஒயர் கிளாம்ப் போடாமல் பக்கத்து மண்ணில் சும்மா செருகியிருந்தது.

அவருக்குப் போன் செய்தேன். எலி கடித்திருக்கும் என்றார் அந்த முதல் எலக்ட்ரீசியன், பிறகு வேலை செய்த பையன் தப்பாகப் போட்டிருப்பான் என்றார், பிறகு எடுப்பதே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுப் போடப் போகிறேன், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். சீட்டில் கையெழுத்து இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரமும், "ஃபுல் ஒயரிங் முடிஞ்சது" என்று அவரே அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. புது ஆள் எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு போர்டையும் டிபியையும் போட்டோ எடுக்கச் சொன்னார், அதை மறக்காதீர்கள், சரி செய்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

இந்த முறை குடித்தனத்தை ஒரு வாரம் கீழ் ஹாலில் எங்களோடு வைத்துக்கொண்டு வேலை நடந்தது. கடையில் இருந்து ஒயர் காயிலை நானே வாங்கினேன், காலியான கவரை எண்ணி வைத்தேன். ஒயரின் மேலேயே அளவும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கும், போர்டில் மட்டும் பார்க்காமல் பைப்பில் இருந்து ஒயரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே வந்த பழைய ஒயர் மட்டும் ஒன்பது கிலோ. முந்தைய சாக்கு மூட்டையில் என்ன இருந்ததோ தெரியாது, மாடி முழுக்க ஒயர் மாற்றியிருந்தால் அவ்வளவு பழைய ஒயர் வந்தே தீர வேண்டும், அது நம் பொருள், கண் முன்னால் கொட்டி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிராப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் முந்திக்கொண்டு கேட்டால் அங்கேயே நில்லுங்கள். முடிந்ததும் ஒயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு லைனையும் பார்த்தார், 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஏற்கக் கூடாது என்றார், எங்களுடையது அதற்கு எவ்வளவோ மேலே. எர்த்தைத் தனி மீட்டரில் அளந்து சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆர்சிசிபியை மாட்டியதும் முதலில் விழுந்துகொண்டே இருந்தது. மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் மாடி மீட்டரில் இருந்தும் நியூட்ரல் கீழ் மீட்டரில் இருந்தும் எடுத்திருந்தார்கள், போர்ஷன் வீடுகளில் இது சகஜமாம். அதைப் பிரித்ததும் நின்றுவிட்டது. "ஆர்சிசிபி போட்டா டிரிப் ஆகும், வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அது ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு இன்னொரு 52,000 ஆனது. நகையை வைத்துத்தான் கொடுத்தேன்.

அந்த எலக்ட்ரீசியனை எனக்குச் சொன்ன வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவர்கள் மாடியிலும் வாடகைக்குக் குடும்பம், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர் செய்த வேலை முடிந்து ஒன்றரை வருடமாகிறது, ஒரு குறையும் இல்லையே என்றார்கள். அனுமதி கேட்டு ஃபேனைப் போட்டுவிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். நெம்பு விழுந்தது. ஃபேன் நிற்கவில்லை. அன்றைக்கே கீசர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், வரும் திங்கட்கிழமை அங்கே வேலை ஆரம்பிக்கிறது.