என்விடிஏ: தமிழ்த் தளங்களைக் காதால் சோதிக்க

மலையகத்தில் ஒரு பாடசாலைக்கோ, சங்கத்துக்கோ, சிறு கடைக்கோ இணையத்தளம் பராமரிப்பவர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய மென்பொருள் என்விடிஏ. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் இது 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது. திறந்த மூலம், இலவசம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கருவிகள் பட்டியலுக்குப் போய் பென்டிரைவில் ஒரு பிரதி உருவாக்கிக்கொள்ளலாம். சிக்னல் எட்டாத தோட்டத்துக் கணினியிலும் அது நிறுவாமலே ஓடும். நிர்வாகி அனுமதி கேட்கும் திரைகளை மட்டும் அந்தப் பிரதியால் வாசிக்க முடியாது. என்விடிஏக்குக் கட்டளையிட இன்சர்ட் விசை வேண்டும்; மடிக்கணினியில் அது இல்லாவிட்டால், முதலில் வரும் வரவேற்புத் திரையிலேயே கேப்ஸ் லாக்கைத் தெரிவுசெய்துவிடுங்கள்.

கூடவே வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது. ஆனால் வேகமாக வாசிக்கும், இணையம் தேவையில்லை. காதுக்கு இதமாக வேண்டுமானால் விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சுக் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது சுட்டியைத் தொடாதீர்கள். எச் அழுத்தினால் தலைப்புகள், கே இணைப்புகள், எஃப் படிவப் புலங்கள், ஜி படங்கள். எச்சுக்கு ஒன்றும் அகப்படவில்லையென்றால், தலைப்பு என்று கண்ணுக்குத் தெரிவது வெறும் தடித்த எழுத்து. சுற்றுநிருபத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருந்தால் ‘படம்’ என்பதோடு குரல் நின்றுவிடும்.

இந்த மென்பொருளின் அருமை முழுதாகத் தெரிவது, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில்தான். பாமினியில் தட்டிய ‘அம்மா’ கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் மட்டுமே. திரையில் அழகான தமிழ்; காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் இதைப் பிடிப்பதில்லை, அவற்றுக்கு எழுத்து என்றால் எழுத்துதான். கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டியைத் திறந்து வையுங்கள்: குரலுக்குப் போவது அப்படியே எழுத்தாக வரும், குளறுபடி கண்ணிலும் படும்.

தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றியதோடு வேலை முடியாது. பாமினியில் ‘கௌ’வையும் ‘கெள’வையும் தட்டும் விசைகள் ஒன்றே. யூனிகோடாக மாற்றித் தரும் கருவி (மாற்றி) தவறாக ஊகித்தால் ‘கௌரவ’ என்பது கெ, ள என்று பிரிந்து ஒலிக்கும். கண்ணால் எத்தனை முறை பிழை திருத்தினாலும் அகப்படாது. மின்னஞ்சல் முகவரிகளை மாற்றியில் போடாமல் விலக்கி வையுங்கள், இல்லையேல் அவையும் தமிழ் எழுத்தாகிக் கெட்டுவிடும். தளத்தின் எழுத்துருவைத் தீர்மானிக்கும் பாணிக் கோப்பில் (சிஎஸ்எஸ்) பாமினிப் பெயர் மிச்சமிருந்தாலும் ஆங்கிலச் சொற்கள் திரையில் அலங்கோலமாகத் தெரியும்.

அடுத்தது மொழிக் குறி. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை ஆங்கிலத்தில் நிறுவி அப்படியே விட்டால் ஒவ்வொரு பக்கமும் தன்னை ஆங்கிலம் என்றே அறிவிக்கும். என்விடிஏயும் அதை நம்பி ஆங்கிலக் குரலுக்குத் தாவும். பொது அமைப்புகளில் தள மொழியைத் தமிழாக்குங்கள், இடையில் வரும் சிங்கள, ஆங்கிலப் பத்திகளுக்குத் தனிக்குறி இடுங்கள். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூகேக் 2.0இலேயே பக்கத்தின் மொழியைக் குறிப்பது கடைநிலை (A) நிபந்தனை, இடைப் பத்திகளின் மொழியைக் குறிப்பது நடுநிலை (AA) நிபந்தனை.

குறையும் உண்டு. ஆண்டின் முதல் பதிப்பு வரும்போது பழைய துணைநிரல்கள் இயங்காமல் போகும், அவற்றின் புதுப்பிப்பு வந்த பிறகு மாறுவது நல்லது. தோட்டங்களில் பெரும்பாலானோர் தளத்தைத் திறப்பது ஃபோனில் என்பதால், ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக்கிலும் அதே பக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டே வெளியிடுங்கள்.