யூரெயில் பாஸ்: "எல்லாம் சேர்த்து" என்று சொல்லி விற்றால் உஷார்

ஐரோப்பாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம் சில டிராவல் ஏஜென்ட்கள் சொல்லும் வசனம் இது: "யூரெயில் பாஸ் போட்டுத் தர்றேன் சார். 33 நாடு. எந்த ரயில்ல வேணும்னாலும் ஏறிக்கலாம், எல்லாம் இதுலயே அடக்கம்." யூரெயில் பாஸ் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போய்வர மொத்தமாக வாங்கும் சீட்டு. ஏஜென்ட் சொல்வதில் 33 நாடு என்பது சரி. மற்றதெல்லாம் பாதி உண்மை. பணம் போவது மறைக்கப்பட்ட அந்த மறுபாதியில்தான்.

பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டுமே. அதில் இருக்கை கிடையாது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றிலும் முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் காசு, ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தலைக்கும். பிரான்ஸுக்குள் ஓடும் டிஜிவியில் இரண்டாம் வகுப்புக்குப் பெரும்பாலும் 10 அல்லது 20 யூரோ. ஃப்ரெச்சாரோஸாவுக்கு 13 யூரோ அளவில். யூரோஸ்டாருக்கு 30 யூரோவோ அதற்கு மேலோ. மிலான்–வெனிஸ், வெனிஸ்–ஃப்ளோரன்ஸ், ஃப்ளோரன்ஸ்–ரோம் என்று மூன்றே ரயில் ஏறும் நான்கு பேர் குடும்பம், பாஸுக்குக் கொடுத்தது போக 156 யூரோ தனியாக எடுத்து வைக்க வேண்டும். "குழந்தைக்கு ஃப்ரீ" என்பதும் அரைகுறைதான். 4 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைக்குப் பெரியவரோடு போனால் பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் அந்தப் பிள்ளையின் இருக்கைக்கும் முன்பதிவுக் கட்டணம் உண்டு.

காசைவிடப் பெரிய சிக்கல் ஒதுக்கீடு. நம்மூர் ரயிலில் கோட்டா என்றால் எல்லோருக்கும் புரியும். யூரோஸ்டாரிலும், பிரான்ஸிலிருந்து எல்லை தாண்டும் அதிவேக ரயில்கள் பலவற்றிலும் பாஸ்காரர்களுக்கு இவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்துவிட்டால் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் பாஸ் விலையில் கிடைக்காது. முழுக் கட்டணச் சீட்டுத்தான் வாங்க வேண்டும். ஆர்ஏசி இல்லை, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் பயணத்துக்கு ஜூன் கடைசியில் பாஸ் விற்கும் ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார். "அங்க போய் ஸ்டேஷன்ல போட்டுக்கலாம்" என்பார். பாரிஸ் கார் து லியோன் நிலையத்தில் நீஸ் போகும் ரயிலுக்கு முன்னால் பெட்டியும் பிள்ளையுமாக நிற்கும்போதுதான் அந்த வார்த்தையின் விலை தெரியும்.

ஆக, பாஸுக்குப் பணம் கட்டுமுன் முன்பதிவுதான் பார்க்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த ரயில் என்று எழுதி வைத்துக்கொண்டு, முன்பதிவு கட்டாயமான ரயில்களில் பாஸ்காரர் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பாஸ் வாங்குங்கள். யூரெயிலின் சொந்தத் தளத்தில் முன்பதிவு செய்தால் ஒரு ரயிலுக்கு ஒரு ஆளுக்கு 2 யூரோ சேவைக் கட்டணம். ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்தில் அவர்களுடைய இரவு ரயிலான நைட்ஜெட்டின் படுக்கையை நேரடியாகவே போடலாம். ஸ்பெயின் மட்டும் தலைவலி. நாட்டில் இறங்கியதும் நிலையக் கவுன்ட்டரில் மிச்சப் பயணங்களுக்கும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. ஏஜென்ட் மூலம்தான் என்றால், முன்பதிவுச் சீட்டின் அசல் பிடிஎஃப் கேளுங்கள். பெரும்பாலும் அதில் விலை அச்சாகியிருக்கும். விலையை வெட்டிவிட்டு அனுப்பினால் ஏன் வெட்டினார் என்று யோசியுங்கள்.

முன்பதிவே வேண்டாத இடங்களும் உண்டு. ஜெர்மனிக்குள் ஓடும் ஐசிஇ அதிவேக ரயில், ஆஸ்திரியாவுக்குள் ரெயில்ஜெட், சுவிட்சர்லாந்தின் சாதாரண இன்டர்சிட்டி, நெதர்லாந்து, பெல்ஜியம் உள்ளூர் ரயில்கள் எல்லாம் பாஸோடு அப்படியே ஏறலாம். பாஸ் உண்மையிலேயே லாபம் தருவது இங்கேதான். ஆனால் எல்லை தாண்டினால் விதி மாறும்: அதே ஐசிஇ பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிஸ் போனால் முன்பதிவு கட்டாயம். இத்தாலிக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு பாஸ் தலையில் கட்டப்படுவது அப்பட்டமான அநியாயம். முன்கூட்டியே வாங்கும் தனிச் சீட்டுகளே பெரும்பாலும் மலிவு. வீகோ (Ouigo), ஃப்ளிக்ஸ்டிரெய்ன் போன்ற மலிவு ரயில்களில் பாஸ் செல்லவே செல்லாது. பாரிஸ் மெட்ரோவும் அப்படித்தான்.

அடுத்தது மொபைல் பாஸ். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி "இதுதான் பாஸ்" என்பார். அது பாஸ் அல்ல. பாஸ் இருப்பது யூரெயிலின் ரெயில் பிளானர் செயலிக்குள். உங்களுக்கு வர வேண்டியது பாஸ் எண். அதையும், வாங்கும்போது கொடுத்த கடைசிப் பெயரையும் உங்கள் செல்போனில் நீங்களே உள்ளிட வேண்டும். சிலர் "நானே ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்று தங்கள் போனில் ஏற்றித் தொடக்கத் தேதியையும் போட்டுவிடுகிறார்கள். விசா தள்ளிப்போனால் அப்போது தெரியும் வினை. வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் செயல்படுத்தினால் போதும். முதல் ரயில் உறுதியாகும்வரை தொடவே தொடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். ஏஜென்ட் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால், நீங்கள் அப்பா பெயரைத் தட்டத் தட்டச் செயலி ஏற்காது. எந்த எழுத்துக்கூட்டலில் பதிவு செய்தார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். ரயிலில் பாஸோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று, பாரிஸிலோ சூரிச்சிலோ இருக்கும் சொந்தக்காரர் "இன்டர்ரெயில் இங்க வாங்கித் தர்றேன் மச்சான்" என்பார். நல்லெண்ணம்தான், ஆனால் செல்லாது. இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு, யூரெயில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. பார்க்கப்படுவது எங்கே வசிக்கிறீர்கள் என்பது; குடியுரிமை அல்ல. ஜெர்மனியில் வேலை பார்க்கும் இந்தியருக்கு இன்டர்ரெயில்தான்.

ஃப்ளெக்ஸி பாஸில் "ஒரு மாதத்தில் 5 நாள்" என்றால் தொடர்ச்சியான ஐந்து நாள் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள். ஒரு பயண நாள் நள்ளிரவு 00:00 முதல் 23:59 வரை. இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, இறங்கும்வரை ரயில் மாறாமல் இருந்தால் ஏறிய நாள் மட்டும் கழியும். வியன்னாவிலிருந்து நைட்ஜெட்டில் வெனிஸ் போய் இறங்கி, காலையிலேயே ஃப்ளோரன்ஸ் ரயில் பிடித்தால் இரண்டாவது நாளும் போச்சு. இதைச் சொல்லாமல் போட்டுக் கொடுத்த பயணத் திட்டங்களில்தான் கடைசி ரயிலுக்கு நாள் மிஞ்சாமல் போகிறது. இன்டர்லேகன்–பெர்ன் மாதிரிச் சின்னத் தூரத்துக்கு ஒரு பயண நாளைச் செலவழிக்காதீர்கள். தனிச் சீட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன் செயலியில் சேர்த்து, பாஸோடு இணைத்து, க்யூஆர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் வேறு ரயில் மாறினால் அதையும் சேர்க்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்தபின் சேர்த்தால் சீட்டில்லாப் பயணம்தான். ஜெர்மனியில் அதற்கு அபராதம் குறைந்தது 60 யூரோ.

சுவிஸ் விஷயத்தில் நடப்பது தனிக் கூத்து. "ஜுங்ஃப்ராவ்யோக் பாஸ்லயே வந்துடும்" என்பது பச்சைப் பொய். அந்தப் பனிமலை உச்சிக்குப் போகும் ரயிலில் யூரெயிலுக்குக் கிடைப்பது 25 சதவீதத் தள்ளுபடி. மீதி உங்கள் கையிலிருந்து. சுவிட்சர்லாந்து மட்டும்தான் என்றால் நகர பஸ், டிராம், அருங்காட்சியகங்களையும் சேர்த்துத் தரும் சுவிஸ் டிராவல் பாஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலின் முன்பதிவுக்குத் தனிக் கட்டணம். ஆனால் அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோ வரை சாதாரண ரயிலும் ஓடுகிறது. பாஸ் செல்லும், முன்பதிவு வேண்டாம், அதே பனிமலை. படம் எடுப்பவர்கள் பலர் விரும்புவதும் இதைத்தான், ஜன்னலைத் திறக்கலாம் என்பதற்காக.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: செயல்படுத்திய பாஸுக்குப் பணம் திரும்ப வராது, எனவே முதலில் அது செயல்பட்டுவிட்டதா என்று பாருங்கள். ஏஜென்ட்டின் ரசீது, "எல்லாம் சேர்த்து" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அங்கே தனியாகக் கட்டிய முன்பதிவுச் சீட்டுகள் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. போனில் சொன்ன வாக்குறுதி அங்கே நிற்காது. அதனால் பணம் கட்டுமுன்பே ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: "முன்பதிவுக் கட்டணம் இதில் சேர்ந்ததா, இல்லையா?"